மறைப்புக்கு அந்தப் பக்கம்

“திறக்க மாட்டேங்குது” என்றார் அளவுகோல்.

“எந்தக் கதவு?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“கதவு இல்ல. மறைப்பு.”

பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து பார்த்தாள். கணவர் தரையில் மண்டியிட்டு, நான்காக மடித்த தடித்த அட்டை ஒன்றை இரண்டு கையாலும் பிளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பசை டப்பா மூடியில்லாமல் கிடந்தது.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“மடிப்பு கிழிஞ்சிருந்துச்சு. துணிப்பட்டை வச்சு ஒட்டித் தரேன்னு அக்காகிட்ட நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒட்டினேன். நல்லா இறுகட்டும்னு மேல உன் தம்பியோட இரும்பு குண்டு ரெண்டையும் தூக்கி வச்சேன்.”

“மடிப்பு ஒட்டிச்சா?”

“மடிப்பு ஒட்டலை. மத்ததெல்லாம் ஒட்டிருச்சு.”

அளவுகோலுக்கு அப்பா அம்மா வைத்த பேர் வேறு. அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை. சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் இருக்கும். சாப்பிடப் போன இடத்தில் மெனு கார்டின் ஓரத்தை அளந்து, “இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கம்மி” என்று சர்வரிடம் சொல்லி, அவர் “சமையல் நல்லாருக்கும் சார்” என்று சமாதானப்படுத்திய கதையெல்லாம் உண்டு. எழுத்து கோணலாக இருந்தால் அவருக்குப் பல் கூசும். அப்படிப்பட்ட மனிதர்.

இந்த மறைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவரும், ஒரு பல் டாக்டரும், பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம். டாக்டர் ராட்சசன், வேன்காரர் மந்திரவாதி, அளவுகோல் திருடன். அதிலும் பயந்தாங்கொள்ளித் திருடன். என்ன செய்யப் போகிறோம் என்று இவர்கள் சொல்ல, பகடை உருள, அதனால் என்ன நடந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். கேம் மாஸ்டர் என்பார்கள். மலை, காடு, பூதம், மழை, சந்தையில் பேரம் பேசுகிற கிழவர், எல்லாமே அந்த ஒருவர்தான். அவருக்கு முன்னால் நான்கு மடிப்பு அட்டை ஒன்று நிற்கும். வெளிப்பக்கம் மலைப் படம். உள்பக்கம் விதிகளும் அட்டவணைகளும். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல், ஒரு பார்வையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்காக. அதுதான் மறைப்பு.

இவர்களுக்கு வாய்த்த மாஸ்டர், தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த டெய்லரக்கா.

டெய்லரக்காவைப் பற்றிப் பேசினாலே மூன்று பேருக்கும் குரல் தானாக இறங்கிவிடும். அவர் கடையில் அளவு நோட்டுக் கிடையாது. ஒருமுறை டேப் போட்டு எடுத்தால் போதும், ஐந்து வருஷம் கழித்துப் போனாலும் “தோள் பதினெட்டு, கை இருபத்து மூணரை, வயிறு மட்டும் புதுசா அளக்கணும்” என்பார். அதே தலைதான் ஞாயிற்றுக்கிழமை கதையை நடத்தும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குகையில் இவர்கள் கொட்டிய எண்ணெயில் நேற்று வந்த குதிரை வழுக்கும். எந்தச் சந்தேகம் கேட்டாலும் மறைப்பை ஒரு பார்வை பார்ப்பார். பதில் வந்துவிடும். டாக்டர் ஆரம்பத்தில் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் ஒரு தப்புகூடக் கிடைக்காமல் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

அந்த மேஜையில் ஒரு சட்டம் இருந்தது. மறைப்புக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்கக் கூடாது. ஒருநாள் டாக்டரின் பகடை மேஜைக்கடியில் உருண்டு அக்கா பக்கம் போய்விட்டது. டாக்டர் தவழ்ந்து போய் அந்தப் பக்கம் எழுந்தபோது இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். தலையில் மேஜை இடித்தும் திறக்கவில்லை. நாற்பது வயதுப் பல் டாக்டர்!

இன்னொரு சட்டமும் இருந்தது. மறைப்பு இல்லாமல் ஆட்டம் இல்லை. ஒருமுறை அது கடைக்குள் மாட்டிக்கொள்ள, சாவி கிடைக்கவில்லை. “அதனால என்னக்கா, புத்தகத்தைப் பார்த்து நடத்துங்களேன்” என்று வேன்காரர் நீட்டினார். “மறைப்பு இல்லாம என்னால ஆகாது தம்பி. அடுத்த வாரம் வாங்க” என்று மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இன்று சனிக்கிழமை மத்தியானம். நாளைதான் கடைசி ஆட்டம். அக்காவின் வீட்டுக்காரர் பாலம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இங்கே பாலம் முடிந்துவிட்டது. திங்கள் காலை இருவரும் அடுத்த பாலத்துக்குப் போகிறார்கள். மணிகள் எல்லாம் ஊமையாகிப் போன ஒரு நகரத்துக்குச் சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர மூன்று வருஷமாக அலைந்த கதை, நாளை முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் என்றைக்கும் முடியாது. அதற்கு மறைப்பு வேண்டும். அதைத்தான் அளவுகோல் கல்லு மாதிரி ஒட்டி வைத்திருக்கிறார்.

“ஈரத் துணியைச் சுத்தி வைங்க. பசை இளகும்” என்றாள் மனைவி.

சுற்றினார். பசை இளகவில்லை. அட்டை இளகியது.

“இஸ்திரிப் பெட்டியால ஆவி காட்டுங்க.”

காட்டினார். மலைப் படம் ஆரஞ்சு நிறமாகி, சுருண்டு, இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சளக் என்று ஒரு சத்தம்.

“எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டிருக்கீங்க?”

“உள்பக்கம் பாக்கக் கூடாது.”

“பாக்கறதுக்கு இனிமே உள்பக்கம் எங்கங்க இருக்கு?”

அவர் கண்ணைத் திறந்தார். தரையெல்லாம் கூழ். 

“அக்காவுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“சொன்னா ஆட்டம் இல்லம்பாங்க. டாக்டரும் வேன்காரரும் என்னைக் கொன்னே போட்டுருவாங்க. கொல்றதுகூடப் பரவாயில்ல. மூணு வருஷக் கதைடி! கடைசியில என்ன ஆகுதுன்னு தெரியாமயே நான் சாகணுமா?”

சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்தது. மனைவிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். உடைந்த குரலை அவளுக்குத் தெரியும்.

“புதுசா ஒண்ணு செய்ங்க. இது உங்க தொழில்தானே?”

அளவுகோல் நிமிர்ந்தார். ஆமாம், தொழில்தான். பழசு எந்தக் கம்பெனியோ ஒப்புக்கு அச்சடித்தது. தான் செய்தால்? இருபது வருஷமாகப் பக்கம் அமைக்கிற தான், உலகத்திலேயே சிறந்த மாஸ்டருக்கு, உலகத்திலேயே தெளிவான மறைப்பைச் செய்து கொடுத்தால்? அக்காவின் கண் எங்கே போகிறதோ அங்கே பதில் காத்திருக்க வேண்டும். அழவிருந்த மனிதர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் எதையும் விட மனசு வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து, நான்கு தாளில் திணித்தார். ஒரு தாளை அச்செடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்து, மனைவியை எதிரில் உட்கார வைத்தார்.

“என்ன தெரியுது?”

“எறும்பு தெரியுது.”

எழுத்தைப் பெரிதாக்கினார். தாள் பதினொன்றாகிவிட்டது. பதினொன்றையும் வரிசையாக நிறுத்தினால் அக்காவைச் சுற்றி ஒரு முழுக் கிணறு வந்துவிடும்போல் இருந்தது. பேசுகிறவர் முகமே தெரியாது.

சுருக்கினார். நான்குக்கு வந்தது. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நின்றதால் வகைக்கு ஒரு நிறம் கொடுத்தார். பதினாலு நிறம். சண்டை சிவப்பு, விஷம் பச்சை, பச்சையிலேயே கொஞ்சம் வெளுத்தால் காடு, இன்னும் வெளுத்தால் வியாதி.

“படியிலேர்ந்து விழுந்தா எவ்வளவு அடிபடும்? சீக்கிரம் சொல்லுங்க” என்றாள் மனைவி திடீரென்று.

அவர் தேடினார். தான் செய்த தாள், தான் போட்ட நிறம். தேடினார், தேடினார்.

“இங்கதான் எங்கயோ வச்சேன்.”

“நாப்பது செகண்ட் ஆச்சு. ஆளு போயிட்டான்” என்றாள் அவள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்க பிரிவுல சுவத்துல ஒரு அட்டை இருக்கு. மூச்சு நின்னா என்ன பண்ணணும்னு. எத்தனை வரி இருக்கும்னு நினைக்கிறீங்க?”

“ஐம்பது?”

“ஆறு. கை நடுங்கும்போது மனுஷனுக்கு ஆறு வரிக்கு மேல படிக்க வராது. நிதானமா இருக்கும்போது தேவைப்படறதைப் புத்தகத்துல பாத்துக்கலாம். கை நடுங்கும்போது எது வேணுமோ அது மட்டும் கண்ணுக்கு நேரா நடுவுல. அபூர்வமா வர்றது ஓரத்துல. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், சுத்தி நிறைய இடம். நிறம் ஒண்ணே ஒண்ணு, செத்துப் போயிடுவாங்கற இடத்துக்கு மட்டும்.”

அளவுகோல் மனைவியை வாய் பிளந்து பார்த்தார். பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவளிடம் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டாமல் போனோமே என்று இருந்தது. அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“போதும், வேலையைப் பாருங்க” என்றாள் அவள். முகம் மலர்ந்துவிட்டது.

இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். நீருக்கடியில், நெருப்பில், உயரத்திலிருந்து, விஷம், பயம், தலைப்புக்கு நான்கு வரி. மனைவி எதைக் கேட்டாலும் இரண்டு செகண்டில் விரல் வைத்தார். வெளிப்பக்கத்துக்கு ஒரு மலைப் படமும் பிடித்துவிட்டார். என்ன சொன்னாலும் அழகான வேலை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஞாயிறு காலை அச்சகத்துக்குப் போனார். லீவு நாள். கெஞ்சிக் கூத்தாடி பைண்டிங் அக்காவை வரவழைத்திருந்தார். அச்செடுத்து, மேலே பளபள பிளாஸ்டிக் ஒட்டி எடுத்ததும் ஒரு விபரீதம் தெரிந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே தாளில் எழுத்தே தெரியவில்லை, டியூப் லைட்தான் தெரிந்தது.

“அங்க மேஜைக்கு நேர் மேல தொங்குற பல்பு! டெய்லரக்கா கண்ணு கூசும்! மங்கலான பிளாஸ்டிக் போட்டு மறுபடியும் எடுக்கணும்.”

“எடுத்துத் தரேன், ஏன் பதறறீங்க?” என்றார் பைண்டிங் அக்கா.

மறுபடி எடுக்கையில் மணி ஒன்றரை. நான்கு தாளும் சூட்டில் குழலாகச் சுருண்டு வந்தன. இனி அட்டையில் ஒட்டி, மடிப்புக்குத் துணி வைத்து, காய வேண்டும். அளவுகோல் குளித்துச் சாப்பிட்டு வருவதற்கு அவகாசம் இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று சும்மா போகாமல் ஒன்று சொன்னார்.

“அக்கா, இதோட உள்பக்கம் மாஸ்டர் ஒருத்தரைத் தவிர யாரும் பாக்கக் கூடாது. அது எங்க சட்டம். நீங்களும் பாக்கக் கூடாது.”

“நான் எதுக்குப் பாக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் பைண்டிங் அக்கா.

இரண்டேமுக்காலுக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் தயார். பழுப்புத் தாளில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் நூல் போட்டுக் கட்டியிருந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. வாங்கிக்கொண்டு ஓடினார்.

தையல் கடைக்கு மேல் மாடி அறை. மெஷின்களை விற்றாகிவிட்டதால் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, தொங்கும் பல்பு, அவ்வளவுதான் மிச்சம். மாடிப்படியில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. மூன்று வருஷத்தில் “வாங்க”, “போயிட்டு வாங்க” தவிர அவர் வாயிலிருந்து அளவுகோல் எதுவும் கேட்டதில்லை.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று ஆரம்பித்து அளவுகோல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பசை, இரும்பு குண்டு, இஸ்திரிப் பெட்டி, கூழ். டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

டெய்லரக்கா கேட்டுக்கொண்டே பழுப்புத் தாளைப் பிரித்தார். புது மறைப்பைத் தன் முன்னால் நிறுத்தினார். மலைப் படம் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். மூச்சு விடாமல் காத்திருந்த அளவுகோலைப் பார்த்தார்.

“நல்ல வரிசையா இருக்கு தம்பி” என்றார். “ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க. உக்காருங்க. ஏரிக்கரையில விட்டோம், இல்ல?”

அளவுகோலுக்கு உயிர் வந்தது.

அப்புறம் அக்கா பேச ஆரம்பித்தார். எப்படிச் சொல்வது? அதே குரல்தான், துணிக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்கிற குரல். ஆனால் அவர் “மலைக்குள்ள ஒரு ஏரி. அதுல அலையே இல்ல” என்றதும் மூன்று பேரும் காலை நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். ஊமை நகரத்தின் சத்தங்களையெல்லாம் தின்றுவிட்டு அடியாழத்தில் ஒரு மிருகம் தூங்குகிறது. அது மூச்சு விடும்போது, மூன்று வருஷமாகக் கேட்காத ஒரு மணிச் சத்தம் குமிழியாக மேலே வந்து உடைகிறது. வேன்காரர் கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

அளவுகோலின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பைண்டிங் அக்கா. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. ஐந்தாம் தடவை “ஒரு நிமிஷம்” என்று வெளியே படிக்கு வந்தார்.

“தம்பி, நீச்சல் குளத்து மேனேஜர் போன்ல கத்தறாரு!”

“எந்த நீச்சல் குளம்?”

“நீங்கதானே போன வாரம் அமைச்சுக் கொடுத்தீங்க, குளத்து வாசல்ல வைக்கற விதிப் பலகை. அதுவும் நாலு தாள், இதே அளவு. இதுவும் சுருண்டிருந்துச்சு, அதுவும் சுருண்டிருந்துச்சு. ரெண்டையும் ஒரே நேரத்துல ஒட்டினேன். அவரு ஆள் அனுப்பி ரெண்டரைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப அவரு பலகையில, ‘தண்ணீருக்கடியில் மூன்று சுற்று மூச்சடக்கலாம், அதன் பிறகு மரணம்’னு சிவப்பு எழுத்துல இருக்காம். குடும்பம் குடும்பமா வாசல்ல நின்னு படிச்சுட்டுத் திரும்பிப் போறாங்களாம்.”

அளவுகோல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “பாத்து ஒட்டியிருக்கக் கூடாதாக்கா?”

“நீங்கதானே பாக்கக் கூடாதுன்னீங்க! அதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே ஒட்டினேன். எவ்வளவு சிரமம் தெரியுமா?”

போனை வைத்துவிட்டு அவர் மனக்கண்ணில் பார்த்தார். இப்போது டெய்லரக்காவின் முன்னால் இருப்பது என்ன? ‘குளத்தில் இறங்குமுன் கால்களைக் கழுவவும். தலைக்கு உறை கட்டாயம். பெண்கள்: காலை ஆறு முதல் எட்டு வரை.’ 

“முடிஞ்சிருச்சா தம்பி?” என்றார் கயிறு கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

“எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே” என்று முனகிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே டாக்டரின் ராட்சசன் ஏரியில் குதித்திருந்தான்.

“எவ்வளவு நேரம் அக்கா மூச்சடக்க முடியும்?”

டெய்லரக்கா மறைப்பின் நடுத்தாளைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அந்த இடத்தில் ‘ஆழமான பக்கத்தில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று இருக்கும். அளவுகோலுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அதற்கு நல்ல தடித்த எழுத்துப் போட்டவரே அவர்தான்.

“மூணு சுத்து” என்றார் அக்கா. “அதுக்கப்புறம் உயிருக்கு ஆபத்து.”

சரி! அச்சு அசலாகச் சரி!

“இந்தப் பாசியில ஏதோ விஷம் இருக்கும்போலிருக்கே” என்றார் வேன்காரர்.

அக்காவின் கண் வலது தாளுக்குப் போனது. அங்கே இருந்தது செருப்பு வைக்கும் இடம் பற்றிய அறிவிப்பு. “ஏரி விஷம். முதல் சுத்துல கை மரத்துப்போகும், ரெண்டாவதுல நாக்கு. உப்பு இருந்தா தப்பிக்கலாம்.”

புத்தகத்தில் இருநூற்று நாற்பதாம் பக்கம். வார்த்தை பிசகவில்லை.

அளவுகோலுக்குப் புரிய ஆரம்பித்தது. புரியப் புரியக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா மறைப்பைப் பிரித்த முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் மானம் கப்பலேறியிருக்கும், ஆட்டமும் நின்றிருக்கும். சொல்லவில்லை. ‘நல்ல வரிசையா இருக்கு’ என்றாரே! கால் கழுவச் சொல்கிற அட்டையை வைத்துக்கொண்டு, தேடுகிற மாதிரி பார்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மனசிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். இப்படியும் ஒரு மனுஷி உண்டா? அப்படியே எழுந்து காலில் விழலாமா என்றிருந்தது.

“தம்பி, உங்க திருடன் என்ன பண்றான்?” என்றார் அக்கா.

ராட்சசன் மயங்கிக் கிடந்தான். மந்திரவாதியின் மந்திரம் தீர்ந்திருந்தது. மிருகம் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது. தின்ற சத்தமெல்லாம் திருப்பித் தருகிறேன், பதிலுக்கு உங்களில் ஒருவருடைய குரல் வேண்டும். யார் தருவது?

மூன்று வருஷமாக எந்தச் சண்டையிலும் பின்வரிசையில் நின்ற திருடன். அளவுகோல் பகடையைக் கையில் எடுத்தார். கை நடுங்கியது.

“நான் தரேன்” என்றார். “எத்தனை விழணும் அக்கா?”

டெய்லரக்கா மறைப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.  பிறகு அவர் மறைப்புக்கு மேலாகக் கையை நீட்டி, அளவுகோலின் உள்ளங்கையிலிருந்த பகடையை எடுத்துக் கீழே வைத்தார்.

“இதுக்கு உருட்ட வேண்டாம்” என்றார். “உங்க திருடன் வாயைத் திறக்கறான். சத்தம் வரல. தூரத்துல, நகரத்துல, ஒரு குழந்தை சும்மா ஒரு மணியைத் தட்டுது. தட்டிட்டு அதுவே பயந்து அம்மாகிட்ட ஓடுது.”

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வேன்காரர் வெளிப்படையாக அழுதார். டாக்டர் மூக்கைச் சிந்தினார். அளவுகோல் பேச வாயெடுத்து, தன் குரலைத் திருடன் கொடுத்துவிட்டது நினைவுக்கு வந்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம் வீண்போகவில்லை. இதைவிடப் பெரிதாக இந்த அறைக்குள் எதுவும் நடக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

கிளம்பும்போது டெய்லரக்கா மறைப்பைக் கவனமாக மடித்தார்.

“இதை நான் எடுத்துக்கட்டுமா தம்பி? ரொம்பத் தெளிவா இருந்துச்சு. தேட வேண்டியதே இல்ல.”

டாக்டரும் வேன்காரரும் பக்கத்திலேயே நின்றதால் அளவுகோலால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் சொல்லாமல் போனால் ஆயுசுக்கும் தூக்கம் வராது. கீழே போகிற சாக்கில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வண்டியருகே நின்ற வீட்டுக்காரரிடம் போனார்.

“அண்ணே, அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் கொடுத்த அட்டையில இருந்தது எங்க விளையாட்டு விதியே இல்ல. நீச்சல் குளத்து அறிவிப்பு. கால் கழுவு, உறை போடுன்னு! அக்கா பாத்ததுமே கண்டுபிடிச்சும், நாலு பேர் முன்னால என் மானம் போகக் கூடாதேன்னு மூணு மணி நேரம் மூடி மறைச்சாங்க. அந்தப் பெரிய மனசை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.”

வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கிரேன் ஓட்டுகிறவரின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பெருமை ஏறியது.

“மூடி மறைச்சாளா? தம்பி, அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அந்தத் தடிப் புத்தகத்தை மூணு வருஷமா தினம் சாயங்காலம் நான்தான் வாசிச்சுக் காட்டறேன்.”